முன்னால் போனவன் உடைத்த தண்ணீர்

"மாமா, மொத திருப்பத்துல முந்தினவன்தானே கடைசி வரைக்கும் முன்னுக்குப் போறான், இதுல என்ன பந்தயம் இருக்கு?" என் போனில் எஃப் 1 எச் 2 ஓ படகுப் பந்தயம் பார்த்துவிட்டுத் தங்கச்சி மகன் கேட்ட கேள்வி இது. அவன் மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். அங்கே முன்னால் ஏறிய கார் ரோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. தண்ணீரில் முன்னால் போகிறவன் அதைத்தான் செய்கிறான்.

நுவரெலியா கிரகரி வாவியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஸ்பீட் போட் ஓட்டுகிறேன். பந்தயக்காரன் இல்லை. ஆனால் ஏப்ரல் சீசனில் ஸ்பீட் போட், ஜெட் ஸ்கீ, அன்னப் படகு எல்லாம் இந்தச் சின்ன வாவிக்குள் ஒன்றாக இறங்கும்போது, அடுத்தவன் அலையைப் படிக்கத் தெரியாமல் இங்கே காலம் தள்ள முடியாது.

ஓடும் படகு இரண்டு விதமாகத் தண்ணீரைக் கெடுக்கிறது. இரு பக்கமும் விரிந்து போகும் மேட்டு அலை ஒன்று. அது கண்ணுக்குத் தெரியும், கொஞ்சம் சரிவாக வெட்டி ஏறினால் சமாளிக்கலாம். மற்றது நடுவில் புரொப்பெல்லர் கடைந்துவிட்டுப் போகும் வெள்ளைப் பாதை. பார்க்க அலையே இல்லாத மாதிரி இருக்கும், அதுதான் வில்லங்கம். தண்ணீரோடு காற்றுக் கலந்து கிடப்பதால் நம் புரொப்பெல்லருக்குப் பிடி கிடைக்காது. முதலில் காதுக்குத்தான் தெரியும்: இன்ஜின் திடீரென்று கத்தும், படகு போகாது. அடுத்த நொடி ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும்.

பெரிய அலையைக் கிளப்புவது முழு வேகத்தில் போகும் படகு என்று நினைக்காதீர்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு தன் அலை மேலேயே ஏறப் பார்க்கும் அரை வேகப் படகுதான் மோசம். ஏறி முடித்துத் தண்ணீர் மேல் வழுக்கத் தொடங்கியதும் அலை சிறுத்துவிடும். எங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றால் சாதாரண இன்ஜினின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு மேல் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்தால் அந்த ஏற்றம் முடிய நேரமெடுக்கும். அவ்வளவு நேரமும் அலை. கல்லுக் கட்டிய கரையில் மோதி அது திரும்பியும் வரும்.

சரி, பந்தயப் படகுக்கு வருவோம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஒடுங்கிய அடிப்பாகம், நடுவில் சுரங்கம் போல வெற்றிடம். அதற்குள் அடைபடும் காற்றுதான் படகைத் தூக்குகிறது. 400 குதிரைசக்தி, மணிக்கு 220 கிலோமீற்றருக்கு மேல் வேகம். அந்த வேகத்தில் தண்ணீரைத் தொடுவது பின்பக்கத்துக் கொஞ்ச இடமும் புரொப்பெல்லரும் மட்டும்தான். அப்போது ஓர் அலை மூக்கைத் தட்டினால் அடியில் காற்றுப் புகுந்து படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துக் கவிழும். அதனால் ஓட்டுநர் மூக்கை ஏற்றி இறக்கும் டிரிம் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்: நேர்பாதையில் மூக்கு மேலே, திருப்பத்திலும் அலையிலும் கீழே. மூக்கு இறங்கினால் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும், வேகம் போகும். பின்னால் வருகிறவன் தோற்பது இந்த இடத்தில்தான்.

1967 ஜனவரி 4ஆம் திகதி இங்கிலாந்தின் கொனிஸ்டன் ஏரியில், தண்ணீர் மேல் உலக வேகச் சாதனைக்காக ஓடிய டொனால்ட் கேம்பல் இறந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சாதனைக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ஓட்டம் வேண்டும். முதல் ஓட்டம் மணிக்கு ஏறக்குறைய 478 கிலோமீற்றர். தன் அலை அடங்குவதற்குக் காத்திருக்காமல் உடனே திரும்பி வந்தார், படகு மேலே எழும்பிக் கவிழ்ந்தது. அலை மட்டும்தான் காரணமா என்ற சர்ச்சை இன்னும் உண்டு. எனக்கு அந்த அவசரம்தான் மனதில் நிற்கிறது.

பந்தயத்தில் காத்திருக்க முடியாதே. அதனால்தான் முதல் திருப்பத்தைக் காட்டும் அடையாள மிதவைக்கு அப்படி அடித்துக்கொண்டு பாய்கிறார்கள். முதலில் போகிறவனுக்கு மட்டும்தான் உடையாத தண்ணீர். காரில் போல முன்னால் போகிறவனின் முதுகில் ஒட்டிக்கொண்டு வர இங்கே வழியில்லை. தண்ணீர்த் தூறல் கண்ணை மறைக்கும், கீழே நுரை. கெட்டிக்காரன் அரைப் படகு தள்ளி வெளிப்பக்கம் ஓடுவான். சுற்றுத் தூரம் கொஞ்சம் கூடினாலும் நல்ல தண்ணீர் கிடைக்கும். உள்பக்கம் நுழைந்து முந்தப் பார்த்தால் மிதவையைத் திரும்பி வெளியேறும்போது முன்னவனின் அலையைக் குறுக்கே வெட்ட வேண்டிவரும், அதுவும் மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில்.

சுற்றுகள் கூடக் கூட முன்னால் இருப்பவனுக்கும் நிம்மதி இல்லை. கடைசியில் ஓடும் மெதுவான படகுகளைப் பிடித்துவிடுவான். அவற்றின் அலைக்குள் போக மூக்கை இறக்கியே ஆக வேண்டும். எந்தப் பக்கமாகப் போகிறான் என்று இரண்டாவது ஆள் பார்த்துக்கொண்டே வருவான். முன்னவன் இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் தண்ணீர் தட்டையாகக் கிடந்தால், த்ரொட்டிலை முழுக்க மிதித்து முந்திவிடலாம்.