காபியில கழுவின இந்து ஃபிலிம் ரோல், மூணாவது தடவை தேறிடுச்சு

வந்துடுச்சு! பன்னெண்டு ஃப்ரேம்ல நாலுதான், ஆனா வந்துடுச்சு. அப்பாவோட டிரங்கு பெட்டியில கிடந்த மூணு இந்து 120 ரோல்ல (ஊட்டி ஃபேக்டரியில செஞ்ச இந்து பிராண்ட் கேமரா ஃபிலிம்) கடைசி இது, எக்ஸ்பைரி 1994. மத்த ரெண்டையும் ஏற்கனவே நாசம் பண்ணிட்டேன், இதுவும் போயிருந்தா கேமராவ பரண்ல தூக்கிப் போட்டிருப்பேன்.

முதல் ரோல் போனது சோடாவால. ஃபிலிம்ல படத்த வரவைக்கற கரைசல்தான் டெவலப்பர், அத காபியில கலக்கற ரெசிபி தெரிஞ்சதுதான், லிட்டருக்கு 54 கிராம் வாஷிங் சோடா, 16 கிராம் வைட்டமின் சி, 40 கிராம் இன்ஸ்டன்ட் காபி, 20 டிகிரியில 15 நிமிஷம். பழைய ரோலாச்சேன்னு ஃபாக் (பழசான ஃபிலிம் தானா கறுக்கறது) அடங்க 10 கிராம் அயோடின் உப்பும் போட்டேன். கழுவி எடுத்தா ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருக்கு. முப்பது வருஷ ரோல்னா படம் வராட்டி ஃபாக்காவது வரணுமே, அதுவும் இல்லன்னா டெவலப்பரே செத்துக் கிடந்திருக்குன்னு அர்த்தம்.

அப்புறம்தான் புரிஞ்சுது, மார்க்கெட்ல நான் வாங்கினது கல்கண்டு மாதிரி இருக்கிற சோடா, அதுல பாதிக்கு மேல தண்ணி. 54 கிராம் போட்டா உண்மையான சோடா 20 கிராம்தான். ரெசிபில சொல்றது தண்ணி இல்லாத பவுடர். சரின்னு அம்மாவோட இரும்பு தோசைக்கல்ல போட்டு வறுத்தேன் (அலுமினியத்துல போட்டுடாதீங்க, அரிச்சிடும்). முதல்ல உருகி கஞ்சி மாதிரி கொதிக்கும், பயப்படாதீங்க, கிளறிக்கிட்டே இருந்தா வெள்ளைப் பவுடரா காயும். காஞ்சுதான்னு கண்ண நம்பாதீங்க, தராச நம்புங்க. 100 கிராம் போட்டா 37க்கு இறங்கணும், எனக்கு 45லயே நின்னுச்சு, மறுபடி அடுப்பு, மறுபடி தராசு, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இதே பொழப்பு. இப்பல்லாம் வேற ரோல்ல ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்துலயே கரைசல்ல போட்டுப் பாக்கறேன், கறுத்தாதான் மேல வேலை.

ரெண்டாவது ரோல், கழுவற டப்பாக்குள்ள வைக்கற ரீல்ல இருட்டுல ஏத்தும்போதே மடிஞ்சு போச்சு, ஊட்டி ஈரத்துல அப்படியே ஒட்டிக்குது. மூணாவதுக்கு பாத்ரூம் இருட்டுல நான் முக்கிட்டு இருக்க, கதவுக்கு வெளிய அப்பா, "தள்ளுடா, ஓரத்த மட்டும் பிடிக்கணும்"னு வெளி லைட்ட அணைச்சுட்டு உள்ள வந்து ஒரு நிமிஷத்துல ஏத்திட்டார். 1967லருந்து இந்து ஃபிலிம் ஓடின ஊட்டி இந்துநகர் ஃபேக்டரியில (ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) இருட்டு செக்‌ஷன்ல நின்ன கை அது. ஃபேக்டரி கதை இங்க வேணாம். கஷ்ட காலத்துல வீட்ல கேமராகூட வித்தாச்சு, இந்த மூணு ரோல மட்டும் ஏன்பா வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். "கேமரா திரும்ப வாங்கிக்கலாம்ல"ன்னார்.

வாங்கினது நான், பழைய ஆக்பா கிளிக் 3. பழைய ஃபிலிமுக்கு பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப்னா (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) மூணு ஸ்டாப் கூட்டணும், இதுல ஒரே ஸ்பீடுதான், அதனால ஸ்டாண்டுல வச்சு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எட்டு தடவை கிளிக். சேரிங் கிராஸ்ல எடுத்ததுல ஆளெல்லாம் புகையா கரைஞ்சு கட்டடம் மட்டும் நிக்குது. வாசப்படியில அப்பா எட்டு கிளிக்கும் அசையாம உக்காந்தார், ஸ்வெட்டர் பின்னல்கூட தெரியுது. சுத்திலும் பயங்கர கிரெய்ன் (மணல் தூவின மாதிரி), ஒரு மூலையில புள்ளி புள்ளியா பூஞ்சை.

ஸ்கேன் இன்னும் பண்ணல. அடுத்து கழுவ ஹைப்போவும் (டெவலப் பண்ண படம் நிலைக்கப் போடற உப்பு) தீந்து போச்சு, கோயம்புத்தூர்ல அரைக்கிலோவுக்கு கீழ தரமாட்டேங்கறாங்க, போற பஸ் காசே அதைவிட ஜாஸ்தி. காபி பத்தி ஒண்ணு, சிக்கரி கலந்தது வேணாம், இருக்கறதுலயே மட்டமான சுத்த காபி போதும். அடுத்து கோத்தகிரி டஸ்ட் டீயில கழுவிப் பாக்கணும், டீ ஊர்ல உக்காந்துக்கிட்டு காபிக்கு செலவு பண்றது அசிங்கமா இருக்கு. அதுக்கு முன்னாடி தோசைக்கல். சோடா பல வருஷ எண்ணெய்ப் பிடிப்ப மொத்தமா உரிச்சிடுச்சு, நாலு நாளா தோசை ஒட்டுது, வீட்ல உப்புமாதான்.