பதின்மூன்றும் ஐந்தும்

“அப்ப இந்த வாக்கியம் இப்போ யாரோடதுக்கா?”

நான் பதிப்பித்த உரைத் தொகுப்பு அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அதை மொழிபெயர்த்த பெண் கேட்டது. “நேரமில்லம்மா, அனுப்பிடு” என்றேன். இரண்டு வருஷமாகிறது. அதைவிட நல்ல பதில் ஒன்று இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

தொகுப்பின் முதல் உரை, 1851இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் பேசியது. கூட்டம் முடிந்த சில வாரங்களில், மேரியஸ் ராபின்சன் என்பவர் ஓர் அடிமை ஒழிப்புப் பத்திரிகையில் அதை எழுதி வெளியிட்டார். அந்த வடிவத்தைத்தான் அவள் மொழிபெயர்த்துக் கொண்டுவந்தாள். உழுதேன், அறுத்தேன், மரம் வெட்டினேன், இதற்கு மேல் ஓர் ஆண் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிற பேச்சு. ஆணின் அறிவு ஒரு படி, பெண்ணின் அறிவு அரைப்படி என்றே வைத்துக்கொள்வோம், அந்த அரைப்படியை அவள் நிறைய வைத்துக்கொண்டால் என்ன என்று ஓரிடம். அரைப்படி என்பதற்கு அவள் முதலில் ‘உரி’ என்று போட்டிருந்தாள். அளவு சரிதான், இன்று யாருக்குப் புரியும் என்று நான்தான் மாற்றினேன். அந்தத் திருத்தத்தில் எனக்கு இன்றும் உறுத்தல் இல்லை.

ஆனால் அதில் “நான் பெண் இல்லையா?” என்ற வரி இல்லை. எல்லோரும் மேற்கோள் காட்டுகிற அந்த வரி, கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஃபிரான்சஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி பன்னிரண்டு வருஷம் கழித்து, 1863இல் எழுதிய வடிவத்தில்தான் வருகிறது. எனக்கு அந்த வரி வேண்டும். கேஜின் வடிவத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். படிக்காத உழைப்பாளிப் பெண் பேசுவது போலக் கொச்சையாக எழுது, அப்போதுதான் உயிர் வரும் என்றும் சொன்னேன்.

அவள் சத்தமே போடவில்லை. “அவங்க பிறந்தது நியூயார்க் மாநிலம். சின்ன வயசுல பேசினது டச்சு. கேஜ் அவங்க வாயில தெற்கத்திக் கொச்சைய வச்சாங்க. இப்ப நாம இன்னொரு கொச்சைய வைக்கணுமாக்கா?” என்றாள். கேஜின் வடிவத்தில் ட்ரூத், பதின்மூன்று பிள்ளை பெற்றேன், பெரும்பாலோர் அடிமையாக விற்கப்பட்டதைப் பார்த்தேன் என்கிறார். அவருக்குப் பிறந்தவர்கள் ஐந்து பேர். அதையும் அவள்தான் காட்டினாள்.

நான் அதை மட்டும் ஏற்றுக்கொண்டேன். “அஞ்சு பிள்ள பெத்தேன், அதுல ஒண்ண அலபாமாவுக்கு வித்தாங்க” என்று திருத்தினேன். ட்ரூத்தின் மகன் பீட்டரை அப்படி விற்றது நடந்த விஷயம். அவர் நீதிமன்றம் போய் 1828இல் மகனை மீட்டதும் நடந்ததுதான். பிழையைக் களைந்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ராபின்சன் எழுதாத, கேஜும் எழுதாத ஒரு வாக்கியம். ட்ரூத் அதை அந்த மேடையில் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. அதில் இருந்த தகவல் அத்தனையும் சரி.

புத்தகத்தில் தன் பெயர் வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.

என் பக்கமும் நியாயம் இருந்தது. ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1850இல் வந்த வாழ்க்கைக் கதைகூட அவர் சொல்ல இன்னொருவர் எழுதியதுதான். ராபின்சனும் வெள்ளைக்காரர், நினைவிலிருந்தோ குறிப்பிலிருந்தோ சுருக்கியவர். அசல் சொற்கள் யாரிடமும் இல்லை என்கிறபோது, அதிகம் பேரைத் தொட்டதைத் தேர்ந்தெடுப்பது தப்பா? இதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அசல் யாரிடமும் இல்லை என்பதற்காக நானும் என் பங்குக்கு ஒன்று சேர்க்கலாமா? அந்த இடத்தில் வாதம் என் கையை விட்டுப் போகிறது.

இதைவிட அதிகமாக உறுத்துவது வேறு. முதல் உரையாக ஃபிரான்சஸ் ஹார்ப்பரைப் போடலாமே என்று அவள் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தாள். 1866இல் நியூயார்க்கில் நடந்த தேசியப் பெண்ணுரிமை மாநாட்டில் பேசிய பேச்சு. ஹார்ப்பர் அடிமையாகப் பிறக்காத கறுப்பினப் பெண், கவிஞர். தன் சொற்களைத் தானே எழுதக்கூடியவர். கணவர் கடனோடு இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பால் பானை, துணி துவைக்கும் தொட்டி வரை வாரிக்கொண்டு போனார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள் என்கிறார். அவருக்குப் பதில் நான் செத்திருந்தால் எவனும் வந்து அவர் வீட்டைக் கலைத்திருக்க மாட்டான் என்கிறார். “வெள்ளைப் பெண்களே, நீங்கள் உரிமைகளைப் பேசுகிறீர்கள், நான் அநீதிகளைப் பேசுகிறேன்” என்று அந்த மேடையில் இருந்தவர்களிடமே சொன்னவர்.

வாசித்துவிட்டு நான் சொன்னது: “நல்லாருக்கும்மா, ஆனா கட்டுரை மாதிரி இருக்கு.”

கறுப்பினப் பெண் ஒருத்தி செம்மையாகப் பேசினால் எனக்கு அது கட்டுரை. வேறொருவர் கொச்சையாக்கித் தந்தால் உயிர். அன்று இப்படி எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் முழுதாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, பக்க எண்ணிக்கை, விலை என்று காரணங்கள் வந்து நிற்கின்றன. அவையும் பொய்யில்லை.

மறுபதிப்புக்கான மெய்ப்பு இப்போது மேசைமேல் இருக்கிறது. ராபின்சன் வடிவத்தையே போடுவதென்று இரண்டு முறை முடிவெடுத்துவிட்டேன். அவளுடைய பழைய கோப்பு அப்படியே இருக்கிறது, புதிதாக வேலைகூட இல்லை. அதில் பீட்டர் இல்லை. இரண்டு முறையும் மெய்ப்பில் பீட்டர் வரும் அந்த வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அவளுக்குப் போன் செய்து கேட்கலாம். எடுத்தால் முதலில் அந்தப் பழைய கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.