ராத்திரி அரிப்பும் க்ரீம் டப்பாவும்

தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமா இருக்கும் குழந்தைக்குப் பகலைவிட ராத்திரிதான் கஷ்டம். பகலில் விளையாட்டில் மறந்துபோகும் அரிப்பு, போர்வைக்குள் உடம்பு சூடானதும் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கிளம்பிவிடும். "சொறியாதே, சொறியாதே" என்று கத்திப் பிரயோஜனமில்லை, அழுகைதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் உருப்படியாகக் கைகொடுத்தது குளியலும் க்ரீமும்தான். வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிஷம், வாசனையில்லாத மென்மையான சோப்பு. அப்புறம் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவிவிட வேண்டும். இந்த நோயில் தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறது, அதை அடைக்கத்தான் இத்தனை பாடு. லோஷனில் தண்ணீர் அதிகம், பிசுபிசுவென்று இருந்தாலும் ஆயின்ட்மென்ட்தான் நிற்கும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், முடி வளரும் திசையிலேயே தடவுங்கள்.

நடுராத்திரி எழுந்து அழுதால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிஷம் வைத்துவிட்டு மறுபடி க்ரீம். நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும், உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். அரிப்பையும் சிவப்பையும் அடக்க டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு க்ரீம் என்றாலே பயந்து, டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் தடவுகிறவர்கள் நிறையப் பேர். சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால்தானே அடங்கும்? மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல், திடீரென்று கொத்தாக வலிக்கும் கொப்புளம் என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.