தம்பி எப்ப இருந்தவர், எப்ப நடந்தவர்?

மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் இரண்டு சொல் சேர்த்துக் கதைப்பதில்லை. மிட்வைஃப் அக்கா சொல்லித்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு குழந்தை வைத்திய நிபுணரிடம் போனோம். மாமியும் வந்தா. ஏதோ சோதனை செய்வார் என்று பார்த்தால், முக்கால்வாசி நேரமும் கேள்விதான்.

பிறந்த நிறை, பிறந்தவுடன் அழுதாரா, மஞ்சள் வந்து லைட்டில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா... இதற்கெல்லாம் கிளினிக் கொப்பி போதும். "சொந்தத்துக்குள்ள கலியாணமோ?" என்றும் கேட்டார். நானும் இவரும் மச்சான் மச்சாள்தான். காய்ச்சல் இருக்கா என்று கேட்கிற மாதிரிக் கேட்டதால் கூச்சமாக இருக்கவில்லை.

எந்த மாதத்தில் என்ன செய்தான் என்ற கணக்கில்தான் இழுபட்டது. "எத்தினை மாதத்தில தனிய இருந்தவர்?" இவர் ஆறு என்றார், மாமி எட்டு என்றா. போனில் பல்லுக்கொழுக்கட்டை (பல் முளைக்கும்போது செய்கிற சடங்கு) வீடியோவைத் தேடி எடுத்தேன். தலையில் கொழுக்கட்டை கொட்டுகிறார்கள். பிள்ளை பிடிமானம் இல்லாமல் பாயில் நிமிர்ந்து இருந்து, முன்னால் வைத்த பேனையை எட்டி எடுக்கிறான். திகதியைப் பார்த்தால் 7 மாதம். மற்றதையெல்லாம் ஊசித் திகதிகளை வைத்துப் பிடித்தோம். 9 மாத எம்.எம்.ஆர். ஊசிக்குப் போனபோது வாங்கைப் பிடித்து நின்றவன். 18 மாத ஊசிக்குப் போனபோது கிளினிக் முழுக்க ஓடித் திரிந்தவன்.

"எத்தினை சொல் கதைப்பார்?" என்பதை அவர் கேட்டுவிட்டுச் சட்டென்று தாண்டிப் போனார். நின்று கேட்டது வேறு: "தம்பிக்கு ஒரு சாமான் வேணுமெண்டால் என்ன செய்வார்?" பகலில் நான் வேலையில்; பிள்ளை மாமியோடு. அதனால் மாமிதான் சொன்னா: "என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போவான். பிஸ்கட் டின்னில என்ர கையை வைப்பான்." "விரலால காட்டுவாரோ?" மாமி யோசித்தா. இல்லை. வைத்தியர் அதிகம் எழுதியது அந்த இடத்தில்தான். பிள்ளையோடு பகல் முழுக்க இருக்கிற ஆள் வராமல் இந்தக் கேள்விகளுக்குப் போய் இருப்பதில் பாதிப் பயன்கூட இல்லை.

"இவன்ர அப்பாவும் மூண்டு வயசிலதான் வாய் திறந்தவர்" என்று மாமி சமாதானம் சொன்னா. வைத்தியர் அதையும் குடும்ப வரலாற்றில் எழுதிக்கொண்டார். ஆனாலும் காதுச் சோதனைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் துண்டு தந்தார். டிவியில் பாட்டுப் போட்டால் ஓடி வருவானே, காது கேட்காதா என்று இவர் கேட்டார். சில பிள்ளைகளுக்குச் சில சத்தம் கேட்கும், சிலது கேளாது, வீட்டில் வைத்து அதைக் கண்டுபிடிக்க ஏலாது என்றார் வைத்தியர்.