டபிள்யூ.பி.எஃப். 4: மங்கிய எழுத்தைத் தெளிவாக்கியது எப்படி

டபிள்யூ.பி.எஃப். என்பது விண்டோஸ் செயலிகளின் திரைகளை வரைய மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் உள்ள கருவித்தொகுப்பு. அதில் எழுதிய பழைய 3.5 செயலியை டாட்நெட் 4-க்கு ஏற்றிவிட்டால் மட்டும் எழுத்து தெளியாது. எழுத்தைத் தெளிவாக்க 2010-இல் 4-ஆம் பதிப்போடு வந்த வசதிகளை நாமேதான் இயக்க வேண்டும். அதைவிட முக்கியம், எதை எந்த இடத்தில் இயக்குகிறோம் என்பது.

முதலில் பிரதான விண்டோவிலேயே, எழுத்துகளைத் திரையில் எப்படி அடுக்குவது என்று சொல்லும் டெக்ஸ்ட்ஃபார்மேட்டிங்மோடை ‘டிஸ்ப்ளே’ ஆக்கினோம். உள்ளே இருக்கும் கன்ட்ரோல்களுக்கும் அது தானாகப் போய்விடும். இயல்பான ‘ஐடியல்’ முறையில் எழுத்துகள் பிக்சல்களுக்கு நடுவில் விழும். 12 அளவில் கண் கூசும். டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு எழுத்தும் முழுப் பிக்சலில் உட்காரும். ஆனால் அதனால் சொல்லின் அகலம் மாறுகிறது. கிரிட்டில் (கட்ட அமைப்பில்) எண்ணால் அகலம் கொடுத்திருந்த நெடுவரிசைகளில் கடைசி எழுத்து வெட்டுப்பட்டது. ‘ஆட்டோ’ என்று மாற்றியதும் சரியானது. ஜூம் செய்யும் பகுதிக்கு மட்டும் ஐடியலையே திரும்பக் கொடுங்கள். டிஸ்ப்ளே எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளிகள் கோணலாகும்.

அதே விண்டோவில், அளவுகளை முழுப் பிக்சலுக்குத் திருத்தும் யூஸ்லேஅவுட்ரவுண்டிங்கை ‘ட்ரூ’ ஆக்கினால் 1 பிக்சல் கோடுகள் இரண்டாகப் பரவி மங்குவது நிற்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு பேனலில் மட்டும் எழுத்து கிரேஸ்கேலாகவே நின்றது. காரணம், அந்தப் பேனலுக்குப் போட்டிருந்த டிராப்ஷேடோ எஃபெக்ட். எஃபெக்ட் போட்டதும் உள்ளடக்கம் முழுவதும் தனிப் படலத்தில் வரையப்படுகிறது. அங்கே, எழுத்தோரங்களைப் பிக்சலின் நிறத் துணுக்குகளால் கூர்மையாக்கும் கிளியர்டைப் அணைந்துவிடும். நிழலை, உள்ளே எதுவும் இல்லாமல் பின்னணி நிறம் மட்டும் உள்ள ஒரு பார்டருக்குக் கொடுத்து, அதைப் பேனலுக்குப் பின்னால் அதே கிரிட் செல்லில் வையுங்கள். இதுதான் சுத்தமான தீர்வு. பின்னணி முழுதும் அடர்நிறமாக இருந்தால், ரெண்டர்ஆப்ஷன்ஸின் கிளியர்டைப்ஹின்ட்டை ‘எனேபிள்ட்’ ஆக்கியும் மீட்கலாம். பின்னணி ஊடுருவித் தெரிந்தால் எழுத்தோரம் நிறம் சிதறும்.

ஒரு பகுதியை ஒருமுறை படமாக வரைந்து சேமித்து, மறுபடி மறுபடி பயன்படுத்தும் பிட்மேப்கேஷ் நல்ல வசதி, ஆனால் எல்லாவற்றுக்கும் போடக்கூடாது. உள்ளே எது மாறினாலும் அது மறுபடி வரையப்படும். நகர்த்துவது, சுழற்றுவது, மங்கவைப்பது போன்ற அசைவுகளுக்கே லாபம். மூன்று மடங்கு பெரிதாக்கும்போதும் தெளிவு வேண்டுமென்றால் ரெண்டர்அட்ஸ்கேலில் 3 கொடுக்க வேண்டும். நினைவகம் ஒன்பது மடங்காகும்: 800க்கு 600 படம் சுமார் 1.9 எம்.பி.; 3-இல் 17 எம்.பி.யைத் தாண்டும். கேஷுக்குள் கிளியர்டைப் வேண்டுமானால் எனேபிள்கிளியர்டைப்போடு ஸ்னாப்ஸ்டுடிவைஸ்பிக்சல்ஸையும் சேர்த்தே இயக்குங்கள்.

நிழல், மங்கல் போன்றவற்றுக்கு முன்பு பயன்பட்ட பிட்மேப்எஃபெக்ட்டுகளில் பெரும்பாலானவை 4-இல் எதையும் வரையாது; டிராப்ஷேடோவும் பிளரும் சில நிபந்தனைகளோடு மட்டும் வரும். கம்பைலர் பிழை காட்டாது, எச்சரிக்கை மட்டுமே தரும். அவற்றைத் தேடிப்பிடித்து எஃபெக்ட் பண்புக்கு மாற்றுங்கள். எஃபெக்ட்டுக்காக நாமே எழுதும் ஷேடருக்கு (பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரலுக்கு) 2.0 பதிப்பு போதுமானால் அதிலேயே இருங்கள். 3.0-க்கு மென்பொருள்வழி மாற்று கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு உதவாத கணினியில் எஃபெக்ட் வராது. இஸ்பிக்சல்ஷேடர்வெர்ஷன்சப்போர்ட்டட் அழைப்பில் சோதித்து, ஆதரவு இருந்தால் மட்டும் அதைப் பொருத்துங்கள்.