ழ தீர்ந்த இரவு

1977-ல் திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் எழுத்து பிரித்துப் போடுவதுதான் வேலை. அச்சாகி முடிந்த பக்கத்தைக் கலைத்து, ஒவ்வொரு ஈய எழுத்தையும் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் போட வேண்டும். கண் பார்க்காமலே கை சரியான அறைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கொடுத்து என்னைக் கம்பாசிட்டர் ஆக்கினார்கள். மறு வருடமே அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. தும்பிக்கை வைத்த லை, னை எல்லாம் போய், 13 எழுத்துகளுக்குப் புது வடிவம். பெரியாருக்குக் கிடைத்த வெற்றி என்று மேடையில் பேசினார்கள். உண்மைதான். எங்களிடம் இருந்த பெரியவர் ஒருவருக்கு மட்டும் கை பல மாதம் பழைய லை அறைக்கே போய்த் திரும்பியது.

இலக்கியம் என்றால் எழுதுகிறவர், வாசிக்கிறவர் இருவரைத்தான் பேசுகிறார்கள். நடுவில் நின்றே கால் வீங்குகிறவன் கணக்கில் வருவதில்லை. புத்தகத்தில் அச்சகத்தின் பெயர் இருக்குமே என்பீர்கள். அது 1867-ஆம் வருடச் சட்டம் கேட்ட பெயர். வில்லங்கம் என்றால் யாரைப் பிடிப்பது என்று வெள்ளைக்காரனுக்குத் தெரிய வேண்டுமே. அதிலும் முதலாளி பெயர்தான். விந்தனைப் போல கம்பாசிட்டராக இருந்து எழுத்தாளர் ஆனவர்கள் அபூர்வம்.

நாங்கள் படிக்காமல் இல்லை. ஒரு நாவலை மூன்று பேர் பங்கு போட்டுக் கோப்போம். என் பக்கத்தில் கதாநாயகி ரயில் ஏறுவாள். எங்கே இறங்கினாள் என்பது அடுத்த கேஸ்காரருக்குத்தான் தெரியும். டீக்கடையில் கேட்டுக்கொள்வேன். புதுக்கவிதை வந்தால் கொண்டாட்டம். எங்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி, கவிதையிலோ பாதிப் பக்கம் காலி. அந்த இயக்கத்துக்கு எங்கள் ஆதரவு அப்படித்தான் தொடங்கியது.

ஒருமுறை கூலி உயர்வு கேட்டு நோட்டீஸ் போட முடிவு செய்தோம். முதலாளி வீட்டுக்குப் போனதும் அவர் எழுத்திலேயே கோக்க உட்கார்ந்தோம். பாதியில் ழ தீர்ந்துவிட்டது. தோழர், உழைப்பு, பிழைப்பு என்று வரிக்கு வரி ழ. சாதாரணமாக அவ்வளவு தேவைப்படாது என்பதால் அந்த அறையில் எழுத்தும் குறைவு. 'தோழர்' என்பதை 'நண்பர்' என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். பெரியவர் சம்மதிக்கவில்லை. ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்து முடித்து, கலைக்காமல் நூல் கட்டி வைத்திருந்தது. அதிலிருந்து ழ-க்களைப் பிடுங்கி வேலையை முடித்தோம். ட்ரெடில் அச்சு மெஷினைக் காலாலேயே மிதித்து அடித்து, விடிவதற்குள் ஒட்டியும் விட்டோம்.

ழ-க்களைத் திருப்பி வைத்தபோது ஒன்றை மறந்துவிட்டோம். கோயில்காரர்கள் இன்னும் 200 பிரதி கேட்டார்கள். மெஷின்காரர் பார்க்காமல் ஓட்டிவிட்டார். தலைப்பில் ஒரு ஓட்டையோடு 'திருவி ா' என்று போய்ச் சேர்ந்தது.

தர்மகர்த்தா வந்து கத்திவிட்டுப் போனார். முதலாளி எங்கள் நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "ழ எங்கேடா போச்சு?" என்றார். எதிர்ச் சுவரில் எங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.