சவர்க்காரப் பெட்டி

3 ஜூன் 2025, செவ்வாய்

மகளுக்கு அடுத்த மாதம் நாலு வயது முடிகிறது. இன்று பின்னேரம் கதிரைக்குப் பின்னால் இருந்து பொம்மையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். கையில் வெறும் சவர்க்காரப் பெட்டி. அதை நெஞ்சுக்கு நேரே பிடித்து, பெருவிரலால் தள்ளித் தள்ளி, "பொறுங்கோ பிள்ளை, அப்பா இதை முடிச்சிட்டு வாறன்" என்றாள். பொம்மையை ஒருதரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சொல் மட்டுமில்லை, அந்த இழுவையும் என்னுடையதுதான். ஆத்திசூடி பாடமாக்க எவ்வளவு மினக்கெடுகிறோம். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

4 ஜூன், புதன்

கொழும்பில், காலிக்குப் போகிற காலி வீதியில் நெரிசல். வீட்டுக்கு வர எட்டரை. தூங்கிவிட்டாள்.

5 ஜூன், வியாழன்

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த பரிசோதனையைப் பற்றி வாசித்தேன். தாய் குழந்தையோடு சிரித்து விளையாடுகிறார். பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் ஒன்றையும் காட்டாமல் இருக்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. தாய் அசையவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவர் மறுபடி சிரிக்க, மெல்ல மெல்லத் தேறுகிறது. அறுந்ததைத் திரும்ப முடிச்சுப்போடுவதுதான் பெரிது என்கிறார் ட்ரோனிக். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இரவு படுத்தேன்.

7 ஜூன், சனி

மாமி இடியப்பம் பிழிய, மகள் தட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"இது யாருக்கு?"

"பொம்மைக்கு."

"பொம்மைக்குச் சொதி வேணுமோ?"

"உறைப்பில்லாமல்."

இப்படியே அரை மணித்தியாலம். ஒருவர் பந்தடிக்க மற்றவர் திருப்பி அடிக்கிற மாதிரியான இந்தப் பேச்சில்தான் மூளையின் இணைப்புகள் பலப்படுகின்றன என்று ஹார்வர்ட் சிறுவர் வளர்ச்சி மையம் விளக்குகிறது. மாமி எந்த விளக்கமும் கேட்காமல் என் மனைவியையும் இப்படித்தான் வளர்த்திருக்கிறார். மூளை வளர்ச்சிக்கென்று நான் வாங்கிய படஅட்டைகள் அலுமாரியில் கிடக்கின்றன.

10 ஜூன், செவ்வாய், பொசன் போயா

லீவு. போனை வீட்டில் வைத்துவிட்டு அவளை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தண்டவாளத்தடியில் நிற்க ரயில் வந்தது.

"ஏன் அப்பா ரயில் கடலுக்குப் பக்கத்தில ஓடுது? தண்ணி குடிக்கவோ?"

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்றேன். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ரயிலுக்குக் காய்ச்சலாம், கடற்காற்று வேண்டுமாம்.

இரவு பொம்மையை ஜன்னலில் இருத்தி அதே கதையை அதற்கும் சொன்னாள். சவர்க்காரப் பெட்டி அப்போதும் கையில்தான் இருந்தது.